தொண்டை வலிக்கு மாத்திரை கேட்கும் முன்

"அக்கா, தொண்டை வலி, எச்சி முழுங்க முடியல. நல்ல மாத்திரையா ஒரு செட்டு குடுங்க." ஐப்பசி மழை தொடங்கினால் தை பிறக்கும் வரை மன்னார்குடியில் என் மருந்துக்கடையில் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான். நல்ல மாத்திரை என்று அவர்கள் மனதில் நினைத்திருப்பது பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்கை. நான் எடுத்துக் கொடுக்காமல் கேள்வி கேட்க ஆரம்பிப்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள். "டாக்டர் பீஸ் குடுக்கக் கூடாதுன்னுதான உங்ககிட்ட வந்தேன்" என்று வெளிப்படையாகவே சொல்வார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அந்தக் கேள்விகளை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வீட்டிலேயே கேட்டுக்கொண்டால் எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு ஓட வேண்டும் என்று தெரிந்துவிடும். நான் மருந்தாளுநர்தான், டாக்டர் இல்லை. நோயைக் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. ஆனால் யாரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருப்பது என் வேலைதான்.

வாயைத் திறந்து பார்த்தீர்களா?

பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணாடி முன்னால் நின்று, செல்போன் டார்ச்சை அடித்து, வாயை அகலத் திறந்து "ஆ" என்று இழுத்தால் நாக்கின் பின்பக்கம் தானே தாழும். குழந்தையை மடியில் உட்கார வைத்து, ஸ்பூன் காம்பால் நாக்கின் முன் பாதியை மட்டும் லேசாக அழுத்துங்கள். அதற்கும் பின்னால் போனால் குமட்டும், அடுத்த முறை வாயே திறக்காது.

நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதற்கு இரண்டு பக்கமும் பக்கவாட்டுச் சுவரில் பதிந்திருக்கும் சதைகள்தான் டான்சில். "உள்நாக்கு வளந்துருச்சு" என்று வருகிறவர்களில் பலருக்கு வீங்கியிருப்பது டான்சில்தான். உப்பும் மிளகும் தொட்ட விரலை உள்ளே விட்டு உள்நாக்கைத் தூக்கிவிடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. ஏற்கெனவே புண்ணாக இருக்கும் இடத்தில் நகம் பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வேண்டாம்.

இன்னொன்று. டான்சில் பெரிதாக இருப்பது மட்டும் வியாதி இல்லை. மூக்கு, வாய் வழியாக வரும் கிருமிகளை உடம்புக்கு அடையாளம் காட்டுகிற திசு அது. நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை நன்றாகப் பெருத்திருக்கும், வயதுக்கு வந்த பிறகு சுருங்கும். குழந்தை நன்றாகச் சாப்பிட்டு, குறட்டை இல்லாமல் தூங்கி, காய்ச்சல் இல்லாமல் ஓடியாடினால், டார்ச் அடித்துப் பார்த்து நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை.

மூக்கு ஒழுகுகிறதா, இருமல் இருக்கிறதா?

கடையில் நான் கேட்பதில் முக்கியமான கேள்வி இதுதான். ஆமாம் என்றால் பாதி நிம்மதி. தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல், கண் சிவப்பு இவையெல்லாம் சேர்ந்து வந்தால் வைரஸ் என்றே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானே இறங்கும்.

பாக்டீரியா, அதிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று சந்தேகப்பட டாக்டர்கள் நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள். காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் இருக்கிறதா, இருமல் இல்லாமல் இருக்கிறதா, டான்சில் வீங்கியோ அதன் மேல் வெள்ளை படிந்தோ இருக்கிறதா, தாடைக்குக் கீழே கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டி, தொட்டால் வலிக்கிறதா. 1981லிருந்து சென்டார் என்ற டாக்டரின் பெயரில் இருக்கும் கணக்கு இது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். பிறகு வயதையும் இதில் சேர்த்தார்கள்: 3 முதல் 14 வயது வரை என்றால் ஒன்று கூட்ட வேண்டும், 45 வயதோ அதற்கு மேலோ என்றால் ஒன்று கழிக்க வேண்டும். ஒன்றோ அதற்குக் கீழோ வந்தால் வீட்டு வைத்தியமே போதும். மூன்று, நான்கு என்று வந்தால் டாக்டரைப் பாருங்கள், தேவைப்பட்டால் தொண்டையில் பஞ்சால் தொட்டுப் பரிசோதனைக்கு அனுப்புவார்.

வெள்ளையாகத் தெரிந்தாலே பாக்டீரியா என்று முடிவுகட்ட முடியாது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வரும் ஒரு வகை வைரஸ் காய்ச்சலிலும் டான்சில் முழுக்க வெள்ளை படியும், கழுத்தெல்லாம் நெறி கட்டும். அந்த நேரத்தில் அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும். வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, "அலர்ஜி வந்துருச்சு" என்று கடைக்கு ஓடிவரும் அம்மாக்களிடம் நான் முதலில் கேட்பது, அதை எழுதிக் கொடுத்தது யார் என்றுதான்.

ஆன்டிபயாட்டிக் பற்றிக் கொஞ்சம் கறாராகவே

அட்டையின் பின்பக்கம் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து என்பதற்கு அடையாளம் அது. "மூணு நாள் அசித்ரோ" என்று பெயர் சொல்லிக் கேட்கும் அளவுக்கு அந்த மாத்திரை மிட்டாயாகிவிட்டது. தொண்டை வலியில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டுப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சாப்பிட்டவர்களுக்கு வலி சராசரியாக 16 மணி நேரம் முன்னதாகப் போனது, அவ்வளவுதான். அந்த 16 மணி நேரத்துக்காக வயிற்றுப்போக்கையும், அடுத்த முறை நிஜமாகவே தேவைப்படும்போது மருந்து வேலை செய்யாமல் போகும் அபாயத்தையும் வாங்கிக்கொள்கிறோம்.

அதே நேரத்தில் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஸ்ட்ரெப் என்று டாக்டர் உறுதி செய்து எழுதிக் கொடுத்தால் ஒரு வேளைகூட விடக் கூடாது. அதைக் கவனிக்காமல் விட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வரலாம். மூட்டு மூட்டாக வீங்கும், பிறகு இதய வால்வைப் பிடிக்கும். 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளைத்தான் அது அதிகம் தேடி வரும், நம் நாட்டில் இன்னும் ஒழியவும் இல்லை. தொண்டை வலி ஆரம்பித்து ஒன்பது நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலே அதைத் தடுத்துவிடலாம். அதனால், அடையாளம் சந்தேகமாக இருந்தால் ஓரிரு நாள் பொறுத்துப் பார்ப்பதால் குடி முழுகாது. பென்சிலின், அமாக்சிசிலின் என்றால் வழக்கமாக 10 நாள். மூன்றாம் நாளே வலி போய்விடும். அப்போது மாத்திரையை நிறுத்திவிட்டு மிச்சத்தை அலமாரியில் வைக்கிறவர்கள்தான் அதிகம்.

செட்டு மாத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். உதிரி மாத்திரை நாலைந்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். சாயங்காலத்துக்குள் வலி பறந்துவிடும், சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரையும் எகிறும். அட்டையில் பெயர் படிக்க முடியாத மாத்திரையை வாங்காதீர்கள்.

வலிக்கு என்ன செய்வது

முதலில் உப்புத் தண்ணீர். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, அதற்கு மேல் வேண்டாம். அண்ணாந்து, தொண்டையில் நிறுத்தி, அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொப்பளிக்க வராது, முழுங்கிவிடும், விட்டுவிடுங்கள். அயோடின் கலந்த கொப்பளிக்கும் மருந்தைத் தைராய்டு பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

அடுத்தது பாரசிட்டமால். பெரியவர்களுக்கு 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகு. சளி மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே பாரசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு இரட்டிப்பாகும். ஈரல் நோய் உள்ளவர்களும் தினமும் குடிக்கிறவர்களும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளுக்கு வயதைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது, எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் நான்கு வேளை. இங்கேதான் பெரிய குழப்பம். ஒரு சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் அதே 5 மில்லியில் 250 இருக்கும். சொட்டு மருந்தோ இன்னும் கெட்டி, பலவற்றில் ஒரே மில்லியில் 100. 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம் வேண்டும். 120 பாட்டிலில் அது ஏழரை மில்லி, 250 பாட்டிலில் மூன்றரை மில்லிதான். "போன தடவை ஒரு மூடி குடுத்தேன்" என்ற கணக்கு இங்கே உதவாது. பாட்டில் மாறினால் அளவும் மாறும். லேபிளை என்னிடமே காட்டிக் கேளுங்கள், பேனாவால் மூடியில் கோடு போட்டுத் தருவேன்.

பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். நிமெசுலைடு 12 வயதுக்குக் கீழே 2011லேயே தடை செய்யப்பட்டது. மழைக்காலத்தில் டெங்குவும் வெறும் காய்ச்சல், உடம்பு வலி என்றுதான் ஆரம்பிக்கும், தொண்டை கரகரப்பும் சேர்ந்து வரலாம். எங்கள் டெல்டாப் பக்கம் தண்ணீர் தேங்கும் மாதங்களில் இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகளைக் காய்ச்சலுக்கு நானாகக் கொடுப்பதே இல்லை. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

வீட்டு மருந்துகளை நான் கேலி செய்வதில்லை. மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்ட பால், பனங்கற்கண்டு, துளசித் தண்ணீர், அதிமதுரத்தை வாயில் ஒதுக்கிக்கொள்வது எல்லாம் இதமாக இருக்கும். கிருமியைக் கொல்கிறது என்று நினைத்துக்கொள்ளாமல், தொண்டையை ஈரமாக வைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதிமதுரம் மட்டும் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, நாள்கணக்கில் சாப்பிட்டால் அழுத்தம் ஏறும். தேன் நல்லது, ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தொட்டும் வைக்கக் கூடாது. கழுத்துக்கு வெளியே சுண்ணாம்பு தடவுவதால் தோல் வெந்துபோவதைத் தவிர ஒன்றும் நடக்காது. ரசம் சாதத்தைக் குழைத்து, காரம் குறைத்து, கஞ்சி, இட்லி, மோர் என்று எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். குளிர்ச்சியாகக் கேட்டாலும் கொடுக்கலாம். டான்சில் வீங்கக் காரணம் கிருமிதான், ஐஸ்கிரீம் இல்லை.

கிருமி இல்லாத தொண்டை வலி

காய்ச்சல் இல்லை, சளி இல்லை, ஆனால் மாதக்கணக்கில் தொண்டையில் ஏதோ அடைத்தாற்போல இருக்கிறது, காலையில் எழுந்ததும் கரகரப்பு, அடிக்கடி செருமல். இப்படிச் சொல்கிறவர்களிடம் ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்பேன். பத்து மணிக்குப் புரோட்டா தின்றுவிட்டுப் பத்தரைக்குப் படுத்தால் வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையைத் தீய்க்கும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பிடுங்கள், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வையுங்கள், டீ காபியைக் குறையுங்கள்.

மூக்கடைப்பால் வாயைத் திறந்து தூங்குகிறவர்களுக்கும் விடியும்போது தொண்டை காய்ந்து எரியும். அங்கே வைத்தியம் மூக்குக்குத்தான்.

மருந்துக்கடைக்காரியாக எனக்கு அதிகம் தெரிந்த பகுதி இது: நீங்கள் சாப்பிடும் மாத்திரையே காரணமாக இருக்கலாம். பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வறட்டு இருமலும் தொண்டை அரிப்பும் வரும். எத்தனை டானிக் குடித்தாலும் போகாது, டாக்டர் மாத்திரையை மாற்றினால்தான் போகும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் விட்டால் வாயிலும் தொண்டையிலும் வெள்ளைப் பூஞ்சை படரும். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், நெஞ்சு வரை வலிக்கும். முழுத் தம்ளர் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்குக் கார்பிமசோல் சாப்பிடுகிறவர்கள். உங்களுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் உப்புத் தண்ணீரோடு உட்காராதீர்கள். அந்த மருந்து அபூர்வமாக ரத்த வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும், அதன் முதல் அடையாளமே இதுதான். அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போய் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கீமோதெரபி எடுப்பவர்களும், மூட்டு வலிக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்களும் இப்படித்தான் தாமதிக்காமல் போக வேண்டும்.

செருமும்போது அரிசிக் குருணை அளவில் வெள்ளையாக, நாற்றமாக ஏதாவது வெளியே வந்தால் அது டான்சில் கல். டான்சிலில் உள்ள குழிகளில் உணவுத் துணுக்கும் கிருமியும் சேர்ந்து இறுகியது. ஆபத்தில்லை. கொண்டை ஊசி, தீக்குச்சி விட்டுக் குத்தாதீர்கள். சாப்பிட்ட பிறகு நன்றாகக் கொப்பளித்தாலே பெரும்பாலும் வந்துவிடும்.

மீன் முள்ளுக்கும் ஒரு வார்த்தை. கெண்டை மீன் சாப்பிட்டு முள் குத்தினால் வெறும் சோற்றை உருண்டையாக விழுங்கச் சொல்வது வழக்கம். சின்ன முள் என்றால் சில சமயம் போய்விடும். டான்சிலில் குத்தி நின்றிருந்தால் உருண்டை அதை இன்னும் உள்ளே தள்ளும். காது மூக்கு தொண்டை டாக்டர் விளக்கடித்து, இடுக்கியால் எடுத்துவிடுவார், ஐந்து நிமிட வேலை.

எப்போது வண்டியை எடுக்க வேண்டும்

ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வலித்து, வாயைத் திறக்கவே முடியாமல், வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோலக் குரல் மாறி, எச்சில் வடிந்தால் டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டியிருக்கலாம். அதைக் குத்தி எடுக்க வேண்டும், மாத்திரையில் மட்டும் அடங்காது. மூச்சு விடும்போது கீச்சென்று சத்தம் வந்தால், குழந்தை முன்னால் சாய்ந்து உட்கார்ந்து எச்சில் வடித்தால், ஸ்பூன் வைத்துத் தொண்டையைப் பார்க்கிற வேலையே கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள். டான்சில் மேல் சாம்பல் நிறத்தில் தோல்போலப் படிந்து, தொட்டால் ரத்தம் கசிந்து, கழுத்து வீங்கினால் அது டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பானாக இருக்கலாம். தடுப்பூசி முழுசாகப் போட்ட பிள்ளைக்கு அது வருவது அரிது: 6, 10, 14 வாரங்கள், ஒன்றரை வயதுவாக்கில் ஒன்று, 5 வயதில் ஒன்று, 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொன்று. கடைசி இரண்டைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு அவசரம் இல்லாத, ஆனால் தள்ளிப்போடக் கூடாத ஒன்றும் உண்டு. வெற்றிலை, புகையிலை, பீடி, மது பழக்கம் உள்ளவர்களுக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், மாறாத குரல் கம்மல், ஒரு பக்க டான்சில் மட்டும் பெருப்பது, கழுத்தில் வலியே இல்லாத கட்டி. வலி இல்லையே என்று சமாதானம் ஆகாதீர்கள். இந்த விஷயத்தில் வலி இல்லாததுதான் கவலை.

ஆபரேஷன் செய்யச் சொன்னால்

கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரே வருடத்தில் ஏழு முறை, அல்லது அடுத்தடுத்த இரண்டு வருடத்தில் வருடத்துக்கு ஐந்து முறை, அல்லது மூன்று வருடத்தில் வருடத்துக்கு மூன்று முறை, அதுவும் காய்ச்சல், நெறி, வெள்ளைப் படிவு என்று உருப்படியாக வந்திருந்தால்தான் டான்சிலை எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். "அடிக்கடி வருது" என்பதை வைத்து எந்த டாக்டரும் முடிவெடுக்க முடியாது. குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வரும் குழந்தைக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை, அதுவே தனிக் காரணம். எங்கள் ஊர்க்காரர்கள் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இது வழக்கமாக நடக்கும் ஆபரேஷன்தான்.

எடுத்த பிறகு எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்று பயப்பட வேண்டாம், அதே வேலையைச் செய்ய உடம்பில் வேறு இடங்கள் இருக்கின்றன. பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை வலிக்கும், பெரியவர்களுக்குக் கூடுதலாக வலிக்கும். எடுத்த இடம் வெள்ளையாகத் தெரியும், அது சீழ் இல்லை. காது வலிக்கும், காதில் ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் ஒரே நரம்பு என்பதால் வலி அங்கே போய்க் காட்டும். வலி மாத்திரையை வலி வந்த பிறகு தேடாமல், நேரம் பார்த்துக் கொடுத்து, அது வேலை செய்யும் அரை மணி நேரத்தில் சாப்பிட வையுங்கள். விழுங்க விழுங்கத்தான் ஆறும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை ரத்தம் கசிய வாய்ப்பு உண்டு. சிவப்பாகத் துப்பினால், நடு ராத்திரியானாலும் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மற்றபடி ஐஸ்கிரீம் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். பாட்டி திட்டினால் மருந்துக்கடைக்காரி சொன்னாள் என்று என் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.